விடை சொல்லும் நூலும் வினாக் கேட்கும் நூலும்

கடினமான கணக்கு ஒன்றின் முன் தயங்கி நிற்கும் மேல்நிலை வகுப்பு மாணவருக்கு எத்தகைய உதவி தேவை? விடையா, முழுச் செய்முறையா, அல்லது தக்க நேரத்தில் ஒரு கேள்வியா? 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, கல்லூரிப் புகுமுக வகுப்பில் நடந்த கணிதம் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. நகரத்து மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி கிடைக்கலாம். ஆனால், கும்மிடிப்பூண்டி போன்ற தொழில் ஊரில், தந்தை சிப்காட் ஆலைக்கு ஷிப்டு வேலைக்குச் சென்றுவிட, வீட்டில் நுண்கணிதம் சொல்லித்தர ஆளில்லாத மாணவருக்கு நூல்தான் இரண்டாவது ஆசிரியர். அந்த ஆசிரியர் நல்லவரா என்று பார்ப்பது அவசியம். புகழ்பெற்ற இரண்டு நூல்களை இந்த நோக்கில் ஆராய்வோம்.

கும்பகோணத்திற்கு வந்த நூல்

1903-இல், பள்ளி இறுதி வகுப்பில் இருந்த இராமானுஜனின் கைக்கு ஒரு நூல் கிடைத்தது. ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் 1880-களில் எழுதி முடித்த கணிதத் தொகுப்பு அது. அதில் ஏறத்தாழ 5,000 தேற்றங்களும் வாய்பாடுகளும் எண்ணிட்டு வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் ஓரிரு சொற்குறிப்புத்தான். கார் இலண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். சொல்லப்போனால், அவர் நூலும் ஒருவகை 'கைடு'தான்!

இந்த நூலே இராமானுஜனைத் தூண்டிவிட்டது. நிறுவல் இல்லாததால் ஒவ்வொரு தேற்றத்தையும் அவரே நிறுவிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே, கார் நூல் சிறந்த வழிகாட்டி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதன் வெற்றி நூலுக்குரியது அன்று, வாசகருக்குரியது. மற்ற மாணவர்களுக்கு அது ஏணியில்லாத மச்சு. இராமானுஜனுக்கும் அதனால் ஒரு குறை நேர்ந்தது. தம் குறிப்பேடுகளை அவரும் அதே பாணியில், முடிவுகளை மட்டும் எழுதி நிரப்பினார். அவற்றுக்கு நிறுவல் அளிக்கும் பணியை புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1985 முதல் 1998 வரை வெளியான ஐந்து தொகுதிகளில் நிறைவேற்றினார். பகா எண்களைப் பற்றி இராமானுஜன் கொண்டிருந்த சில முடிவுகள் தவறாகவும் இருந்தன. நிறுவலின் கண்டிப்பை இளமையில் யாரும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

எல்லாவற்றையும் செய்து தரும் 'கைடு'

நம் கடைகளில் கிடைக்கும் கைடுகளின் குறை இதற்கு நேர்மாறானது. கார் மிகக் குறைவாக உதவினார். இவை மிக அதிகமாக உதவுகின்றன. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் சமமான சிறு சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மடித்து மூடியில்லாத பெட்டி செய்கிறோம். பெட்டியின் கன அளவு பெருமமாக இருக்க, வெட்டும் சதுரத்தின் பக்கம் என்ன?

வெட்டும் பக்கம் ப என்றால் கன அளவு ப(12 − 2ப)². வகைக்கெழுவைப் பூச்சியத்திற்குச் சமப்படுத்தினால் (12 − 2ப)(12 − 6ப) = 0. ஆகவே ப = 6 அல்லது 2. 6 என்றால் தகடே மிஞ்சாது. எனவே விடை 2 செ.மீ.; கன அளவு 128 கன செ.மீ. கைடு இத்துடன் அடிக்கோடு இட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விடும். மாணவரும் போய்விடுவார். தேர்வில் சதுரத் தகட்டிற்குப் பதில் செவ்வகத் தகடு வந்தால் திகைத்து நிற்பார்.

போல்யா கேட்கும் கேள்விகள்

இராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22-இல். அதே மாதம் 13-ஆம் நாள் ஹங்கேரியில் பிறந்தவர் ஜார்ஜ் போல்யா. தீர்வு காண்பது எப்படி என்பதையே பொருளாகக் கொண்டு 1945-இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் உலகெங்கும் பயிலப்படுகிறது. கணக்கைப் புரிந்துகொள்வது, திட்டமிடுவது, திட்டத்தை நிறைவேற்றுவது, முடித்தபின் திரும்பிப் பார்ப்பது என்று நான்கு படிகளை அவர் வகுத்தார். ஒவ்வொரு படியிலும் மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களைத் தந்தார்.

நான்காம் படியின் பயனை மேற்கண்ட கணக்கிலேயே காணலாம். பெட்டியின் அடிப்பரப்பு 8 × 8 = 64. நான்கு பக்கச் சுவர்களின் பரப்பு 4 × 8 × 2 = 64. இரண்டும் சமம்! இது தற்செயலா? 8 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகத் தகட்டில் செய்து பாருங்கள். விடை 1 செ.மீ. அடிப்பரப்பு 6 × 3 = 18; சுவர்ப்பரப்பும் 18 × 1 = 18.

காரணம் எளிது. வெட்டும் பக்கத்தை இம்மியளவு கூட்டினால் பெட்டி சற்று உயர்கிறது. அடிப்பரப்பின் அளவுக்கு இலாபம். அதே வேளையில் நான்கு சுவர்களும் உள்ளே நகர்கின்றன. சுவர்ப்பரப்பின் அளவுக்கு நட்டம். இலாபமும் நட்டமும் சரிக்குச் சரியாகும் இடமே பெருமம். வகைக்கெழுவைப் பூச்சியமாக்குவதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. கைடு கைவிட்ட இடத்தில்தான் கணிதமே தொடங்குகிறது!

போல்யாவின் நூலிலும் குறைகள் உண்டு. நூலின் பெரும்பகுதி அகராதி போல் அகரவரிசையில் அமைந்திருப்பதால், புதிதாகப் படிப்பவர் எங்கே தொடங்குவது என்று தடுமாறுவார். எடுத்துக்காட்டுகள் பல வடிவியலைச் சார்ந்தவை. நுண்கணிதம் பயிலும் நம் மாணவருக்குப் போதுமானவை அல்ல. நான்கு படிகளையும் நெட்டுருப் போட்டால் அவையும் இன்னொரு வாய்பாடாகிவிடும். ஆயினும் உதவியின் அளவை அவர் சரியாக உணர்ந்திருந்தார். ஹார்டியிடம் இரவல் வாங்கிய இராமானுஜனின் குறிப்பேட்டை, மேலும் படித்தால் தாமாக எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்று அஞ்சி, சில நாட்களிலேயே போல்யா திருப்பித் தந்தார் என்று சொல்லப்படுகிறது. மிகுதியான விடைகள் சிந்தனையை முடக்கும் என்பது அவர் அறிந்த உண்மை.

கைடுகளை எரித்துவிட வேண்டியதில்லை. செய்முறையை ஒரு தாளால் மூடிக்கொண்டு, முயன்று பார்த்து, தடைப்பட்டால் ஒரு வரியை மட்டும் திறந்து பார்க்கலாம். விடை கிடைத்தபின், "வேறு வழி உண்டா? தரவை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். கைடு எழுதுவோரும் ஒவ்வொரு விடைக்குக் கீழும் இப்படி ஒரு கேள்வியை அச்சிட்டால், தனியே படிக்கும் மாணவருக்கு அது பேருதவியாக இருக்கும்.