பிராப்பின் ஏழு பாத்திரங்கள்

ரஷ்ய நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் விளாதிமிர் பிராப் (1895–1970) தமது ‘நாட்டார் கதையின் உருவவியல்’ நூலை 1928-இல் வெளியிட்டார். அஃபனாசியெவ் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதைகளுள் 100 மாயக்கதைகளே அதன் ஆய்வுப்பொருள். கதைக்குக் கதை பெயரும் தோற்றமும் மாறினாலும் செயல்கள் மாறுவதில்லை என்பது அவர் முடிவு. அவ்வாறு 31 செயல்கூறுகளைக் கண்ட அவர், அவற்றை எதிரி, கொடையாளர், உதவியாளர், இளவரசியும் அவள் தந்தையும், அனுப்புபவர், நாயகன், போலி நாயகன் என்னும் ஏழு செயல்வட்டங்களில் அடக்கினார்.

இப்பட்டியலை ஏழுவகை மனிதர்களாகக் கொள்வது பரவலான பிழை. திரைக்கதை கற்பிக்கும் கையேடுகள் பலவும் அப்படித்தான் கொள்கின்றன. பிராப் வகுத்தது ஆட்களை அல்ல, செயல்களை. சூனியக்கிழவி பாபா யாகா ஒரு கதையில் குழந்தையைக் கவரும் எதிரி; வேறொன்றில், கேட்டு வந்தவளுக்கு நெருப்பைத் தந்தனுப்பும் கொடையாளர். ஒருவரே இரு வட்டங்களிலும், ஒரே வட்டத்தில் பலரும் வரலாம்.

நூலின் எல்லையும் மறக்கப்பட்டது. தலைப்பில் தாம் இட்டிருந்த ‘மாய’ என்னும் அடையைப் பதிப்பாளர் நீக்கிவிட்டதாகப் பிராப்பே பின்னாளில், லெவி-ஸ்ட்ராஸின் விமர்சனத்துக்கு மறுமொழி எழுதியபோது குறிப்பிட்டார். அந்த ஒரு சொல் இருந்திருந்தால், நாவலையும் திரைப்படத்தையும் இதே அளவுகோலால் அளக்கச் சிலராவது தயங்கியிருப்பர்.

கிரெய்மாஸ் 1966-இல் இவ்வட்டங்களை எல்லாக் கதைகளுக்கும் பொருந்துமாறு ஆறு பங்குகளாகச் சுருக்கினார். கொடையாளரும் உதவியாளரும் அதில் ஒன்றாகிவிட்டனர். இது சிறிய இழப்பன்று. உதவியாளர் துணை நிற்பவர். கொடையாளரோ சோதித்த பின்பே கொடுப்பவர். ‘மொரோஸ்கோ’ கதையில், காட்டில் விடப்பட்ட பெண்ணிடம் பனிக்கிழவன் குளிர்கிறதா என்று கேட்டுக்கேட்டுக் குளிரைக் கூட்டுகிறான். பணிவாக விடை சொன்னவளுக்குப் பரிசு. கடுஞ்சொல் பேசிய மாற்றாந்தாய் மகளுக்குச் சாவு. அவனை ‘உதவியாளர்’ என்று குறித்துவிட்டால் அவன் கொல்லவும் கூடியவன் என்பது மறைந்துபோகும். கதையின் அச்சமும் அதோடு போகும்.

பிராப்பின் பகுப்பிலும் ஓர் இடைவெளி உண்டு. அதே கதையில், மனைவி சொல்லை மீறமுடியாத கிழவன் தன் மகளைத் தானே சறுக்குவண்டியில் ஏற்றிக் காட்டில் விட்டுவருகிறான். அவன் கொண்டுபோய் விட்டது ஒரு செயல்கூறு; அட்டவணையில் அதற்கு இடமிருக்கிறது. அவன் அழுததற்கு இடமில்லை.