குனிந்து நடப்பதன் நியாயம்

கீழ்முதுகில் தண்டுவடக் கால்வாய் சுருங்கிவிட்டது என்று எம்ஆர்ஐ அறிக்கை வந்த வீட்டில், பெரும்பாலும் முதலில் வாங்கப்படும் பொருள் கைத்தடி. இந்த நோய்க்கு மிகக் குறைவாக உதவும் நடைத்துணையும் அதுதான். மூட்டுத் தேய்மானத்துக்குப் பழகிப்போன தீர்வை, கேள்வி கேட்காமல் இதற்கும் நீட்டிவிடுகிறோம்.

வயது ஏற ஏற முதுகெலும்பின் டிஸ்க் புடைக்கிறது, பின்புறச் சிறு மூட்டுகள் பருக்கின்றன, எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தடிக்கிறது. எல்லாம் சேர்ந்து நரம்புகள் இறங்கிவரும் வழியை நெருக்குகின்றன. நிமிர்ந்து நின்றால் அந்த வழி இன்னும் குறுகும். முன்னால் குனிந்தால் சற்று அகலும். தெருமுனையை எட்டுவதற்குள் தொடை கனத்து, கெண்டைக்கால் மரத்து, உட்கார இடம் தேடுகிறவர் சில நிமிடம் உட்கார்ந்ததும் ஒன்றுமே நடக்காதவர்போல எழுந்துகொள்வது இதனால்தான். டச்சு நரம்பியல் அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954இல் இந்த நிலையை விரிவாக எழுதிய பிறகே மருத்துவ உலகம் இதைப் பரவலாகக் கவனிக்கத் தொடங்கியது.

நோயாளிகளோ எந்தக் கட்டுரையும் படிக்காமல் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோயில்வரை நடக்க முடியாத அம்மா, சூப்பர் மார்க்கெட்டில் டிராலியின் கைப்பிடிமீது சாய்ந்தபடி எல்லா வரிசைகளையும் சுற்றி வந்துவிடுவார். மருத்துவர்கள் இதை நோயின் அடையாளமாகவே கேட்டறிவதுண்டு. நம் ஊர்த் தெருக்களில் சைக்கிளில் ஏறாமல் ஹேண்டில்பாரில் கவிழ்ந்து அதைத் தள்ளிக்கொண்டே போகும் பெரியவர்கள் சிலருக்கும் இதே காரணம் இருக்கலாம். ஏறி மிதித்தாலும் வலிக்காது. முதுகு குனிந்துதானே இருக்கிறது. சமையல் மேடையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு காய் நறுக்கும் பாட்டியும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். இவர்களிடம் போய் "கூன் போடாம நிமிர்ந்து நடங்க" என்கிறோம். சொல்பவருக்கு அது அக்கறை, கேட்பவரின் நரம்புக்குத் தண்டனை.

ஆகவே ஒரு நடைத்துணையை எடைபோடும்போது, அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதைவிட உடலை முன்னால் சாயவிடுகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். கைத்தடி இதில் தேறாது. தடுமாற்றத்தைக் குறைக்கும், ஒரு பக்கப் பாரத்தில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். 2010இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்றில், கைத்தடி கொடுத்ததால் இந்த நோயாளிகளின் நடைதூரம் பொதுவாகக் கூடவில்லை. உடம்பின் சாய்வும் மாறவில்லை. தனித்தனியே சிலருக்குப் பலன் தெரிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயம் உள்ளவருக்குத் தடி நல்ல துணை.

சக்கரமில்லாத வாக்கர் அசையாமல் நிற்கும். ஆனால் இரண்டடிக்கு ஒருமுறை நின்று, தூக்கி, முன்னால் வைக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை போதும். காய்கறிக் கடைவரை போதாது. மிச்சமிருப்பது நான்கு சக்கரமும் பிரேக்கும் இருக்கையும் உள்ள ரோலேட்டர். ஸ்வீடனில் இதை 1978இல் உருவாக்கிய அய்னா விஃபால்க் 21 வயதில் போலியோவால் தாக்கப்பட்டவர். நடக்கச் சிரமப்பட்ட ஒருவர் செய்தது என்பது அதன் வடிவத்திலேயே தெரிகிறது. தள்ளும்போது முதுகு இயல்பாகக் குனிகிறது; கால் மரத்தால் உட்கார நாற்காலி கூடவே வருகிறது. அடுத்த இருக்கை எங்கே என்ற கவலையில் வெளியே போவதையே நிறுத்திக்கொண்டவர்களுக்கு அந்த இருக்கை மருந்துக்குச் சமம்.

உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடத்தில் கைப்பிடி இருக்க வேண்டும் என்பது பொது விதி. இந்த நோய்க்கு அதிலிருந்து ஓர் ஓட்டை இறக்கி வைத்துப் பார்க்கலாம். தாழ்த்திய ரோலேட்டரால் வலி குறைந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதால் அதை ஓர் எல்லைவரைதான் நம்பலாம்.

இந்தக் கருவியின் பெரிய குறை, அதன் பெரிய பலத்திலிருந்தே பிறக்கிறது. நாளெல்லாம் குனிந்து தள்ளினால் இடுப்பின் முன்தசைகள் இறுகும், முதுகுத் தசைகள் சோம்பிப்போகும், மணிக்கட்டும் தோளும் வலிக்கும். எலும்பு மெலிந்த மூதாட்டிகளுக்கு முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. குனிவு அதைக் கூட்டும். ஆகவே ரோலேட்டர் வாங்கியவர் பிசியோதெரபியைக் கைவிடக் கூடாது.

அடுத்த குறை நம் வீடுகளிலும் தெருக்களிலும் இருக்கிறது. வாசற்படியில் ஏறாது, குறுகிய குளியலறைக் கதவில் நுழையாது, உடைந்த நடைபாதையில் சிறிய சக்கரம் சிக்கும், சரிவில் முன்னே ஓடும். பிரேக்கைப் பூட்டாமல் இருக்கையில் அமர்ந்தால் வண்டி நழுவும். பேருந்தில் அதை ஏற்றுவதற்குத் துணைக்கு இன்னோர் ஆள் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்காக மத்திய அரசு 2017இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடியும் வாக்கரும் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல திட்டம். ஆனால் சக்கரம் உருள ஒரு தெரு வேண்டுமே, அது எந்தத் துறையின் பொறுப்பு?

குனிந்தும் வலி தீரவில்லை என்றால் நோயே வேறாக இருக்கலாம். நின்ற இடத்தில் நின்றாலே கெண்டைக்கால் வலி அடங்குகிறது, சைக்கிள் மிதித்தாலும் வலிக்கிறது என்றால் இரத்தக் குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் இதை மருத்துவரிடம் சொல்வதில் முந்திக்கொள்ள வேண்டும். சுருக்கம் கழுத்தில் இருந்தால் சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும், நடை தள்ளாடும். அங்கே ரோலேட்டர் விழாமல் காக்கலாம். குனிவதால் நோய் தணியாது.

ரோலேட்டரோடு போகும் தூரம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால், அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் திரும்பப் பேச வேண்டிய நேரம் அது. பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலும் மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், அல்லது உட்காரும் இடம் மரத்துப்போனால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைப்பிடியை இன்னும் ஓர் ஓட்டை இறக்கிப் பார்க்கலாம் என்று அப்போது யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.