எடையைக் குறைக்கச் சொன்னால் போதுமா?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 30.9 சதவீதத்தினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்றது 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு. 2019-21 ஆய்வில் அது 40.4 சதவீதம் ஆனது. ஆண்களிடையே 28.2 சதவீதம் 37 ஆக உயர்ந்தது. இந்தக் காலம் முழுவதும் எடையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அப்படியானால் அறிவுரை தவறா, அதைத் தரும் விதம் தவறா?

நம் மருத்துவமனைகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள். உயரத்தோடு சேர்த்து பி.எம்.ஐ. கணக்கிடுவார்கள். “சோத்தைக் குறைங்கம்மா, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று சொல்லி, அச்சடித்த டயட் சார்ட் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த அறிவுரையின் அடித்தளம் உறுதியானது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. எடையில் 7 சதவீதக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு வழிநடத்தப்பட்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான். எண்பது கிலோ உள்ளவர் ஐந்தாறு கிலோ இறக்கினாலே உடலுக்குப் பெரிய லாபம். ஒல்லியாக வேண்டிய அவசியமில்லை.

மருத்துவர் பேச்செடுத்தால் நோயாளி மனம் நோவார் என்ற தயக்கத்துக்கும் பிரிட்டனில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு பதில் தந்தது. 1,882 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், ஒரு பிரிவினரிடம் எடையைக் குறைப்பது நல்லது என்று மட்டும் மருத்துவர்கள் சொன்னார்கள். மற்ற பிரிவினரை அரை நிமிடப் பேச்சிலேயே 12 வார எடைக் குறைப்புக் குழு ஒன்றில் சேர்த்துவிட முன்வந்தார்கள். ஓராண்டு கழித்து முதல் பிரிவினர் சராசரியாக 1.04 கிலோவும் இரண்டாம் பிரிவினர் 2.43 கிலோவும் குறைந்திருந்தார்கள். மருத்துவர் பேச்செடுத்தது உதவியாக இருந்ததாகவே பெரும்பாலோர் கூறினார்கள். பேசுவது நல்லது, பேசியதோடு நிற்காமல் ஓரிடத்தில் சேர்த்துவிடுவது அதைவிட நல்லது.

ஆனால் அறிவுரையைத் தரும் விதத்தில் குறைகள் உண்டு. அவற்றில் முதலாவது அளவுகோல். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரையுமே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே கொழுப்பு, அதிலும் வயிற்றுப் பகுதியில், சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் நமக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று தனி வரம்பு வகுத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவு வரம்பும் உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், இறுக்காமல் டேப்பை வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் பல இடங்களில் ஒதுக்கப்படுவதில்லை.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமான பாடம் சொல்கிறது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முள் இறங்காவிட்டாலும் உடலுக்குள் நன்மை நடக்கிறது. எடை மெஷினை மட்டும் காட்டிப் பழக்கினால், இப்படி நன்மை பெற்றவர்களே “ஒண்ணும் பிரயோஜனமில்லை” என்று பாதியில் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது குறை, அந்த டயட் சார்ட். காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி, பதினொன்றுக்கு மோர், ஒரு மணிக்கு ஒரு கப் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி என்று அதில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு, மீந்த சாதம் வீணாகிறதே என்று அதையும் சேர்த்துச் சாப்பிடும் பெண்ணுக்கு அந்தத் தாள் எப்படிப் பொருந்தும்? இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவருக்கு? சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று சோறு போட்டுக்கொள்ளும் இலையில் ஒரு முறையைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ கூடுதல் கூட்டோ வைக்கலாம் என்றால் அது நடக்கக்கூடியது. அப்படிச் சொல்ல, அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள், கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது குறைதான் மிகக் கொடியது: குறைந்த எடை திரும்பி ஏறினால் பழியை நோயாளி மேல் போடுவது. எடை இறங்கும்போது பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது, உடல் செலவிடும் சக்தியும் சுருங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்தவர்களை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அவர்கள் உடல் நாளொன்றுக்கு எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. இதை மன உறுதிக் குறைவு என்பது அநீதி. அவமானப்பட்டவர் அடுத்த முறை மருத்துவமனைக்கே வர மாட்டார்.

புதிய ஊசி மருந்துகளும் இந்த விதிக்கு விலக்கல்ல. செமாகுளூடைட் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத அளவுக்கு எடையைக் குறைத்தது. நிறுத்தியபின் ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மறுபுறம், சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஏறத்தாழ பத்தாண்டு தொடர்ந்து ஆலோசனை தந்த அமெரிக்காவின் ‘லுக் அஹெட்’ ஆய்வில் சராசரியாக 6 சதவீத எடைக் குறைப்பு கடைசிவரை நிலைத்தது. மாரடைப்பும் பக்கவாதமும் அதனால் குறையவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. எடைக் குறைப்பு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஆனால் கூடவே நிற்பவர் இருந்தால் அது நிலைக்கும்.

ஆக, அறிவுரை சரி, கைவிடுவதுதான் தவறு. இரத்த அழுத்தத்துக்கு ஒரு முறை சீட்டு எழுதிவிட்டு ஒதுங்கும் மருத்துவர் யாருமில்லை. உடல் பருமனுக்கும் அதே நீண்ட காலக் கவனிப்பு வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு டேப்பை வைத்து, இடுப்பளவைக் குறித்து, ‘போன மாதம் மாற்றிய பழக்கம் நடக்கிறதா?’ என்று கேட்கவும் பயிற்சி தர வேண்டும். பெரிய செலவில்லாத இந்த வேலையை அரசு செய்யட்டும். மருத்துவர்கள், எடை ஏறித் திரும்பி வருபவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், சிகிச்சையின் நடுவில் இருப்பவராகப் பார்க்கட்டும்.