கடிகாரம் அடித்த வேளை
நான்சி ட்ரூ புதினங்களும் அண்மைக்காலத் திரைப்படங்களும்

செல்வர் ஒருவர் இறந்துபோகிறார். தம்மை அன்போடு பேணிய எளிய உறவினர்க்கு ஏதேனும் விட்டுச் செல்வதாக அவர் பலமுறை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். ஆனால் கைக்குக் கிடைத்த உயிலோ, செருக்கு மிகுந்த பணக்காரக் குடும்பம் ஒன்றுக்கே அனைத்தையும் எழுதி வைத்திருக்கிறது. பின்னர் எழுதப்பட்ட வேறோர் உயில் எங்கோ இருக்க வேண்டும். அதைத் தேடிப் புறப்படுகிறாள் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி. 1930 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘பழைய கடிகாரத்தின் இரகசியம்’ என்னும் புதினத்தின் கரு இவ்வளவுதான். நான்சி ட்ரூ என்ற இளந்துப்பறிவாளர் வாசக உலகில் அடியெடுத்து வைத்தது இந்நூலில்தான்.

இப்பெண்ணை நம் காலத்துத் திரைப்படம் இருமுறை பெரிய அளவில் எடுத்தாண்டிருக்கிறது: ஆண்ட்ரூ ஃபிளெமிங் இயக்கத்தில் 2007இலும், காட் ஷியா இயக்கத்தில் 2019இலும். இரண்டும் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தகுந்த படங்களே. கூச்சப்படத்தக்க காட்சி எதுவும் இல்லை. ஆயினும் புதினங்களைப் படித்துவிட்டு இவற்றைப் பார்ப்பவர்க்கு ஓர் உறுத்தல் ஏற்படுகிறது. நூலில் நான்சி பிறர்க்கு உதவுகிறாள். ஏன் உதவுகிறாள் என்று நூல் கேட்பதே இல்லை. படங்களோ அக்கேள்வியைக் கேட்காமல் ஓரடியும் எடுத்து வைப்பதில்லை.

நூல்கள் தோன்றிய வகையை முதலிற் சொல்லிவிட வேண்டும். அட்டையில் காணும் ‘கரோலின் கீன்’ என்னும் பெயரில் ஓர் ஆசிரியை இருந்ததே இல்லை. எட்வர்டு ஸ்ட்ராட்மேயர் என்பவர் நடத்திய கதைப்பட்டறை ஒன்று இருந்தது. அவர் கதைச்சுருக்கம் வகுத்துக் கொடுப்பார். கூலிக்கு எழுதுவோர் அதைப் புதினமாக விரித்துத் தருவர். நான்சியின் முதல் நூல்களை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன் என்ற இளம் பெண்மணி. ஒரு நூலுக்கு அவர் பெற்ற ஊதியம் 125 டாலர். அதன் பின் உரிமையும் இல்லை, பெயரும் இல்லை. முதல் முப்பது நூல்களில் இருபத்து மூன்று அவர் எழுதியவை. 1980இல் பதிப்பகங்களுக்கு இடையே நடந்த வழக்கொன்றில் அவர் சாட்சியாக வந்தபோதுதான் இவ்வுண்மை பலருக்கும் வெளிப்பட்டது. உரிமையுள்ளவர்க்கு உரியதைத் தேடிக் கொடுத்த பெண்ணைப் படைத்தவர்க்கு, உரிய பெயர் கிடைக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின! அதன்பின்னும் அவர் டொலிடோ நகரின் நாளிதழ் ஒன்றில் முதுமையிலும் எழுதிக்கொண்டே இருந்து, 2002இல் மறைந்தார்.

இப்படிப் பட்டறையில் வார்த்தெடுத்த கதையில் உயர்ந்த கலைநயத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் முதல் நூலில் ஓரிடம் உண்டு. அதை ஊன்றி நோக்க வேண்டும். இறந்த செல்வரை அறிந்தவளான அபிகெய்ல் ரோவன் என்ற மூதாட்டியைத் தேடி நான்சி போகிறாள். கிழவி கீழே விழுந்து அடிபட்டு, தனிமையில் கிடக்கிறாள். வந்த காரியத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, நான்சி முதலில் அவளது காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். பருகவும் உண்ணவும் ஏதேனும் தருகிறாள். அதன் பிறகே உயிலைப் பற்றிக் கேட்கிறாள். கிழவிக்கு நினைவு பிடிபடவில்லை. ஏதோ சொன்னாரே, என்னவோ சொன்னாரே என்று தவிக்கிறாள். அந்நேரம் அடுப்பு மாடத்தின் மேலிருந்த கடிகாரம் மணி அடிக்கிறது. அவ்வொலி கேட்டவுடன் நினைவு திரும்பிவிடுகிறது. கடிகாரம் என்ற சொல்தான் அவள் தேடிக்கொண்டிருந்தது. கடிகாரத்துக்குள் ஒரு குறிப்பேடு, குறிப்பேட்டின் வழியே உயில் என்று கதை விரைகிறது.

துப்புக் கிடைத்தது நுண்ணறிவால் மட்டுமன்று. அருகில் அமர்ந்து பணிவிடை செய்ததாலும் கிடைத்தது. அவசரக்காரியாக இருந்திருந்தால் மணி அடிக்கும் நேரத்தில் அவள் அங்கே இருந்திருக்கமாட்டாள். துப்பறிதலும் தொண்டும் இவ்விடத்தில் ஒரே செயலாகிவிடுகின்றன. இதை ஆசிரியர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை என்பதே அதன் அழகு. நான்சி குறையற்ற தேவதையும் அல்லள். எதிர்த் தரப்பான டோப்ஹாம் வீட்டுப் பெண்களை அவளுக்கு அறவே பிடிக்காது. அவர்கள் தோற்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு உண்டு. ஆனாலும் மழைக்கு ஒதுங்கிய பண்ணையில் சந்தித்த இரு ஏழைச் சகோதரிகளின் முகம் அவளை விடுவதில்லை. அவ்வளவு காரணம் போதும் என்று நூல் கருதுகிறது.

திரையுலகம் இப்பெண்ணை நம்பத் தயங்கியது இன்று நேற்றன்று. 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் வார்னர் நிறுவனம் போனிட்டா கிரான்வில் என்னும் நடிகையைக் கொண்டு நான்கு படங்கள் எடுத்தது. அவற்றின் நான்சி படபடவென்று பேசுபவள். முன்பின் யோசியாது குதிப்பவள். தோழனை வம்பில் மாட்டிவிடுபவள். நூலின் அமைதியான பெண் அங்கே நகைச்சுவைப் பாத்திரமாகிவிட்டாள். ஆனால் அவற்றுள் இறுதிப் படம், முதிய சகோதரிகள் இருவர் தங்கள் வீட்டைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுப்பதற்கு நான்சி துணை நிற்பதாக அமைந்தது. பொழுதுபோக்குக்காக எடுத்தவர்களும் கதையின் மூலச்சரக்கை முற்றும் கைவிடவில்லை எனலாம்.

2007 ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். எம்மா ராபர்ட்ஸ் நடித்த நான்சி, தந்தையின் தொழில் காரணமாக லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குச் சில காலம் குடிபெயர்கிறாள். இனித் துப்பறிவதில்லை என்று தந்தைக்கு வாக்களிக்கிறாள். ஆனால் குடியிருக்கத் தெரிவு செய்வதோ மர்மமான முறையில் இறந்த திரைநடிகையின் பாழடைந்த மாளிகை. அங்குள்ள பள்ளியில் அவளுடைய பழங்கால உடை, நேர்த்தி, பணிவு, எல்லாவற்றிலும் முந்தி நிற்கும் ஒழுங்கு ஆகிய யாவும் ஏளனத்துக்கு உள்ளாகின்றன. தானே சுட்ட பலகாரத்தைக் கொடுத்து உதவி கேட்கும் பெண் அந்நகரில் ஒரு விந்தைப் பிராணி. விருந்தொன்றில் மூச்சுத் திணறிய மாணவிக்கு அங்கேயே தொண்டையில் துளையிட்டு உயிர் காக்கிறாள். அதையும் படம் சிரிப்புக்கு உரியதாகவே காட்டுகிறது.

இதுதான் படத்தின் தந்திரம், அதன் கோழைத்தனமும் கூட. நற்பண்பை நேரே காட்ட இயக்குநருக்குக் கூச்சம். எனவே அதைப் பழைய சட்டையைப் போல் அவளுக்கு உடுத்திவிட்டு, பார்த்துச் சிரிப்பதற்கு முதலில் நமக்கு அனுமதி தருகிறார். பிறகு மெல்ல, சிரித்ததற்காக நாணவும் வைக்கிறார். பாதித் தூரம் வரை நாமும் பள்ளிப் பிள்ளைகளின் பக்கமே நிற்கிறோம். திறனாய்வாளர் பலர்க்கும் இப்படம் உவப்பாக இல்லை. எனினும் கதையின் முடிவில் ஃபிளெமிங் நூலின் நெஞ்சத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறார். மறைந்த நடிகைக்கு ஒரு மகள் இருந்தாள்; பிறர் கையில் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்தவள்; இப்போது தன் சிறு மகளுடன் வறுமையில் வாடுபவள். அவளுக்கே உரிய சொத்தை உயில் வழியே நான்சி மீட்டுத் தருகிறாள். அப்பெண் அம்மாளிகையைத் துணையின்றித் தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்க்குரிய இல்லமாக்குகிறாள். 1930இன் பழைய உயில் இங்கே எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டெடுக்கப்படுகிறது.

2019இன் ‘நான்சி ட்ரூவும் மறைந்திருந்த படிக்கட்டும்’ வேறு வழியிற் செல்கிறது. சோஃபியா லில்லிஸ் நடிக்கும் இந்நான்சி பலகைச் சக்கரத்தில் தெருவெல்லாம் பறக்கிறாள். நூலில் வரும் நீலநிற மோட்டார் வண்டிக்கு ஈடாக இன்று இதுதான் போலும். தாயை இழந்தபின் தந்தையும் மகளும் சிகாகோ மாநகரை விட்டுச் சிற்றூருக்கு வந்திருக்கின்றனர். நூலில் தாயின் மரணம் ஒரு வரியில் முடிந்துவிடும். நான்சி அதைப்பற்றி அழுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. படமோ அத்துயரை அவள் தோளிலேயே சுமத்தி அனுப்புகிறது. அடுத்து, தோழியை இழிவுபடுத்திக் காணொளி வெளியிட்ட மாணவனைப் பழிவாங்க அவள் ஒரு குறும்பு செய்து பிடிபடுகிறாள். சமூகப் பணி செய்யும்படி தண்டனை விதிக்கப்படுகிறது. இவளை நாம் நம்பவேண்டுமானால் முதலில் இவள் காயப்பட்டிருக்க வேண்டும், அடுத்துத் தவறும் செய்திருக்க வேண்டும் என்பது படத்தின் கணக்கு.

தவறு செய்து திருந்தும் கதை நமக்குப் புதிதன்று. அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவதும் என் நோக்கமன்று. ஆனால் எல்லாக் கதைகளும் அவ்வொரு கதையாகவே இருந்தாக வேண்டுமா? வழுவி விழாத பிள்ளை ஒருத்தி அயலாருக்காக நடந்தால் அது பொய்யாகத் தோன்றும் என்று யார் தீர்மானித்தது? நம் வீடுகளிலேயே அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்களே. அவர்களைத் திரை காட்ட மறுக்கும்போது, அவர்கள் தம்மையே ஏதோ சுவையற்றவர்கள் என எண்ணிக்கொள்ளும் இடர் உண்டு. கைப்பேசியிலேயே படம் பார்த்து முடிக்கும் இன்றைய பிள்ளைகளிடம் இது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பெற்றோர்தாம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் பலர் கண்ணில் படாதது. ‘மறைந்திருந்த படிக்கட்டு’ நூல் 1930இல் வெளிவந்து, 1959இல் திருத்தி எழுதப்பட்டது. திருத்திய நூலில் இருப்புப்பாதைக்காக நிலம் வாங்கும் வழக்கு ஒன்று வருகிறது. நான்சியின் தந்தை வழக்கறிஞர் கார்சன் ட்ரூ இரயில் நிறுவனத்தின் பக்கம் நிற்கிறார். படத்திலும் இரயில் பாதை உண்டு; ஆனால் அதே தந்தை அது ஊருக்குள் வருவதை எதிர்த்து நிற்கிறார்! அறுபது ஆண்டுகளில் நல்லவர் நிற்கவேண்டிய பக்கம் மாறிவிட்டது. 1959இல் இரயில் என்றால் முன்னேற்றம். நிலத்துக்காரன் செய்யும் தகராறே குற்றம். 2019இல் சிற்றூரின் அமைதியே அறம். எது சரி என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் திரைக்கதை ஆசிரியர்கள் தந்தையின் நேர்மையைத் தனியே காட்ட வழியின்றி, கூட்டம் கைதட்டும் பக்கத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு நூல்களின் பக்கமும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1930இன் நான்சி எளிதில் நல்லவளாக இருக்க முடிந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. அவளிடம் வண்டி இருந்தது, பணம் இருந்தது, வழக்கறிஞரான தந்தையின் பெயரைச் சொன்னாலே திறக்கும் கதவுகள் இருந்தன. வீட்டைக் கவனிக்க ஹன்னா என்ற பணிப்பெண் இருந்தாள். அதைவிடக் கொடியது, அந்நாளைய பதிப்புகள் கறுப்பின மக்களையும் அயல்நாட்டவரையும் சித்திரித்த விதம். படிக்கவே நாணும்படியான பகுதிகள் அவை. 1959 முதல் நூல்களைத் திருத்தியபோது அவற்றை நீக்கினார்கள். ஆனால் நீக்கிய இடத்தில் பெரும்பாலும் வெற்றிடமே மிஞ்சியது, அம்மக்களே கதையிலிருந்து மறைந்தனர். 2019 படம் நான்சியின் தோழி ஜார்ஜை ஒரு கறுப்பினப் பெண்ணாக்கி, ஹன்னாவைப் பணிப்பெண் நிலையிலிருந்து அத்தையாக்கியது. ஒப்பனைக்காகச் செய்ததெனச் சிலர் கூறலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூல் வைத்துவிட்டுப் போன கடனைப் படம் தீர்க்க முயன்றது என்றே கொள்கிறேன்.

நடிப்பைப் பொறுத்தவரை, லில்லிஸ் ராபர்ட்ஸைவிட உயிர்த்துடிப்புள்ளவர். ஆனால் இரண்டு படங்களிலும் நான்சி சிந்திப்பதை நாம் காண்பதில்லை. நூலில் அவள் ஒரு துப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கக் கணக்கில் யோசிப்பாள். நாமும் உடன் யோசிப்போம். திரையில் அவள் ஓடுகிறாள், கதவைத் திறக்கிறாள், கண்டுபிடிக்கிறாள். முடிச்சை அவிழ்க்கும் இன்பத்தைவிட அவிழ்ந்த முடிச்சைப் பார்க்கும் இன்பமே நமக்குக் கிடைக்கிறது.

இவ்வளவுக்கும் இடையில் 2019 படத்தில் ஒரு பாத்திரம் என்னை மிகவும் கவர்ந்தது. மூத்த நடிகை லிண்டா லாவின் ஏற்றிருக்கும் ஃபுளோரா என்ற முதியவள். தன் வீட்டில் பேய் நடமாடுகிறது என்கிறாள்; கேட்க வேண்டியவர்கள் கேட்பதாயில்லை. முதுமையின் மயக்கம் என்று ஒதுக்கிவிட எல்லார்க்கும் எளிதாக இருக்கிறது. நான்சியும் பேயை நம்புவதில்லை. ஆனால் அச்சம் உண்மை என்பதை நம்புகிறாள்; இரவில் அவ்வீட்டிலேயே தங்க ஒப்புக்கொள்கிறாள். தண்டனை, பழிவாங்கல், தாயின் நினைவு என்று திரைக்கதை அடுக்கிய காரணங்கள் எதுவும் அவ்விடத்தில் தேவைப்படவில்லை. ஒரு கிழவி பயந்திருக்கிறாள். ஒரு சிறுமி உடனிருக்கிறாள். அபிகெய்லின் வீட்டுக் கடிகாரம் அடிக்கும் ஓசை அங்கே சற்றுக் கேட்கிறது.