பாத்திர வகுப்புகளின் சமநிலை: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை முன்வைத்து

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது சிலர் ஒன்றாக அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஆகும். கதைச் சூழலையும் பகைவர்களையும் ஆட்ட நடத்துநர் முன்வைப்பார். தங்கள் மாந்தர் என்ன செய்கிறார் என்பதை மற்றவர்கள் சொல்வர். போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு, திருடர் என மாந்தரின் திறனை வரையறுக்கும் பிரிவே பாத்திர வகுப்பு. எந்த வகுப்பைத் தேர்ந்தாலும் ஆட்டத்தில் ஒத்த மதிப்பு கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சமநிலை எனப்படுகிறது. இந்த எதிர்பார்ப்பு நிறைவேறாதபோது, மேசையில் இருக்கும் ஒருவர் பல மணி நேரம் வெறும் பார்வையாளராகிவிடுகிறார்.

காலத்தை நம்பிய சமநிலை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. அதில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்புகளே இருந்தன. 1975இல் வந்த கிரேஹாக் இணைப்பு நூல் திருடரைச் சேர்த்தது. இரண்டாம் படிநிலையை அடையப் போர்வீரருக்கு 2,000 அனுபவப் புள்ளிகளும் மந்திரவாதிக்கு 2,500 புள்ளிகளும் தேவைப்பட்டன. மந்திரவாதி தொடக்கத்தில் ஒரே அடியில் வீழக்கூடியவர். அவருக்கு நாளொன்றுக்கு ஒரு மந்திரமே உண்டு. ஆனால் உயர் படிநிலைகளில் அவரே குழுவில் வலியவர். முன்னர் பட்ட துன்பத்துக்குப் பின்னர் பலன் கிடைக்கும் என்பதே இதன் தர்க்கம்.

இத்தர்க்கம் முழுமையானதன்று. ஆட்டம் பாதியில் நின்றுபோனால் மந்திரவாதிக்கு உரிய பலன் வருவதில்லை. நீண்டகாலம் தொடர்ந்தால் போர்வீரர் பின்தங்குகிறார். இரண்டு வேறு காலங்களில் இருவருக்கு நேரும் குறையைக் கூட்டிச் சமநிலை என்று கணக்கிட முடியாது.

பூட்டும் மந்திரமும்

1981ஆம் ஆண்டின் தொகுப்புகளில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு சிக்கலைத் தெளிவாக்கும். 5,000 அனுபவப் புள்ளிகள் பெற்ற திருடர் நான்காம் படிநிலையில் இருப்பார். அவர் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 30 விழுக்காடு. தவறினால், அடுத்த படிநிலையை அடையும்வரை அதே பூட்டை மீண்டும் முயல இயலாது. அதே புள்ளிகள் பெற்ற மந்திரவாதி மூன்றாம் படிநிலையில் இருப்பார். அவரிடம் ‘நாக்’ என்னும் மந்திரம் இருந்தால், பகடை உருட்டாமலேயே பூட்டு திறக்கும்.

அந்த மந்திரத்தை அப்படிநிலையில் நாளுக்கு ஒரு முறையே பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆயினும் படிநிலை உயர உயர அந்த வரம்பு தளர்கிறது. ஒருவர் தம் வகுப்பின் அடையாளமாகக் கொண்ட வேலையை இன்னொருவர் ஐயத்துக்கு இடமின்றிச் செய்துவிடுகிறார். இங்கு திருடர் இழப்பது எண்களை மட்டுமன்று, குழுவில் தமக்குரிய தேவையையும்தான்.

மூன்றாம், நான்காம் பதிப்புகள்

விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு, எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணையைத் தந்தது. பார்வைக்கு இது நியாயமானது. ஆனால் மந்திரவாதியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்திய பழைய தடை இதனால் நீங்கியது. அவருடைய பெருமந்திரங்கள் அப்படியே நின்றன. விலங்குத் துணையும் உருமாறும் ஆற்றலும் மந்திரமும் ஒருங்கே பெற்ற டிரூயிட், போர்வீரரின் பணியையும் தாமே செய்ய முடிந்தது. விதியைச் சமமாக்கியது விளைவைச் சமமாக்கவில்லை.

2008இல் வந்த நான்காம் பதிப்பு இதை நேரடியாக எதிர்கொண்டது. எல்லா வகுப்புகளுக்கும் எப்போதும் பயன்படுத்தத்தக்கவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என ஒரே அமைப்பில் ஆற்றல்கள் வழங்கப்பட்டன. போர்வீரர் பகைவரைத் தம்மிடம் கட்டி நிறுத்திக் குழுவைக் காக்கும் திறன் பெற்றார். இது பெரும் முன்னேற்றம். எனினும், எல்லா வகுப்புகளும் ஒரே சாயலில் இருக்கின்றன என்ற குறை எழுந்தது. அக்குறையில் பொருள் உண்டு. வேறுபாட்டைச் சுருக்கிப் பெறும் சமநிலையில், வகுப்பைத் தேர்வதற்கான காரணமே மெலிந்துவிடுகிறது.

ஐந்தாம் பதிப்பு

2014ஆம் ஆண்டுப் பதிப்பில் சமநிலை ஓய்வைச் சார்ந்தது. போர்வீரர் சிறு ஓய்விலும் மந்திரவாதி பெரும்பாலும் நீண்ட ஓய்விலும் ஆற்றலை மீளப் பெறுவர். ஒரு நாளில் ஆறு முதல் எட்டு வரையான மோதல்களைக் குழு தாங்கும் என நடத்துநர் நூல் கருதியது. நாளுக்கு ஒரு பெரிய மோதல் மட்டும் நடத்தப்படும் மேசையில், மந்திரவாதி தம் சேமிப்பு முழுவதையும் அதிலேயே செலவழித்து முந்திவிடுவார். நூலில் இருந்த சமநிலை மேசையில் குலைகிறது.

அதே பதிப்பில் ஒரு நல்ல திருத்தமும் உண்டு. ‘நாக்’ மந்திரம் இப்போது 300 அடி தூரம் கேட்கும் ஓசையை எழுப்புகிறது. மந்திரவாதி உறுதியாகத் திறக்கலாம், காவலர் விழித்துக்கொள்வர். திருடர் தவறலாம், ஆனால் ஓசையின்றித் திறப்பார். எவர் முன்செல்வது என்பதைக் குழு சிந்தித்து முடிவெடுக்க வேண்டியதாகிறது.

மாற்று வழி

ஜொனாதன் ட்வீட், மார்க் ரெயின்-ஹேகன் ஆகியோர் 1987இல் உருவாக்கிய ஆர்ஸ் மேஜிகா, மந்திரவாதிகளே வலியவர்கள் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு துணைவரையும் வைத்திருந்து, கதைக்கேற்ப மாறி மாறி ஏற்றனர். காவலர்கள் குழுவின் பொதுச் சொத்து. இங்கே சமநிலை மாந்தர்களுக்கிடையே இல்லை, ஆடுபவர்களுக்கிடையே இருக்கிறது.

மதிப்பீடு

சமநிலையை அளக்க, ஓர் அடியில் எவ்வளவு சேதம் விளைகிறது என்ற கணக்கு மட்டும் போதாது. இவர் இல்லாவிட்டால் குழு வேறு முடிவு எடுத்திருக்குமா என்பதே பொருத்தமான கேள்வி. இக்கேள்விக்கு முன் மூன்றாம் பதிப்பு தோற்கிறது. நான்காம் பதிப்பு போர்க்களத்தில் வென்று, வேறுபாட்டில் இழக்கிறது. ஐந்தாம் பதிப்பின் ஓய்வுக் கணக்கு ஆட்ட நடத்துநரின் பழக்கத்தை நம்பி நிற்கிறது. ஓர் ஓசையைச் சேர்த்துத் திருடருக்கு அவருடைய இடத்தை மீட்டுத் தந்த சிறு திருத்தம், இவற்றுள் சமநிலையின் இயல்பை நன்கு உணர்ந்தது எனலாம்.