தேம்பாவணியில் தாழ்மை

தேம்பாவணி வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியம். 1726-ல் எழுதி முடிக்கப்பட்ட இந்நூல் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைத் தலைவனாகக் கொண்டது. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்களால் ஆனது. கடவுள் முன் ஒளிவுமறைவின்றியும் பணிவுடனும் வாழ்தல் என்னும் கிறிஸ்தவ விழுமியம் இக்காப்பியத்தில் எப்படி உருப்பெறுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்கு அருகில், முகாசாபரூரை அடுத்துள்ள சிற்றூர் கோணான்குப்பம். வீரமாமுனிவர் அங்கே மரியாளுக்கு எழுப்பிய ஆலயம் பெரியநாயகி அன்னை ஆலயம் எனப்படுகிறது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஒருவர், தம் வழிபாட்டின் மையமான அன்னைக்கு அவ்வட்டார மக்களின் நாவில் ஏற்கெனவே புழங்கிய பெயரையே சூட்டினார். தேம்பாவணி இவ்வூரில் எழுதப்பட்டது என்று ஊரார் சொல்வதுண்டு. அது எவ்வாறாயினும், வேற்று மண்ணின் மொழிக்கும் மரபுக்கும் தன்னை ஒப்புக்கொடுத்த ஒருவரின் மனநிலையை இந்தப் பெயரிலேயே காணமுடிகிறது. கம்பராமாயணத்தையும் சீவக சிந்தாமணியையும் திருக்குறளையும் ஆழ்ந்து கற்று, அவற்றின் நடையில் தன் கதையைச் சொல்ல முனைந்ததும் அதே மனநிலைதான்.

பேசாத தலைவன்

நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், கட்டளைப்படி செய்கிறார். பிறகு கதையிலிருந்து சுவடின்றி மறைந்துவிடுகிறார். போரும் முடியும் வெற்றியும் காப்பியத் தலைவனுக்குரியவை என்று கருதும் மரபில் இப்படி ஒருவரைத் தலைவனாக்கியது துணிச்சலான தேர்வு.

வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று பெயரிடுகிறார். இளமையில் வளன் தவம் செய்யக் காட்டுக்குப் புறப்படுகிறான். முதியவர் வடிவில் வரும் வானவர், மனையறத்தில் நின்று பிறருக்கு உதவுவதே அவனுக்குரிய வழி என்று தெளிவித்துத் திருப்பி அனுப்புகிறார். தானே தேர்ந்த உயர்ந்த வழியைக் கைவிட்டு, தனக்கு அளிக்கப்பட்ட எளிய வழியை அவன் ஏற்றுக்கொள்கிறான். நூலின் அறநோக்கு இங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. துறவியான ஆசிரியர் தம் தலைவனைத் துறவிலிருந்து விலக்கி இல்லறத்துக்கு அனுப்புவது கவனிக்கத்தக்கது. தாழ்மை என்பது கடினமான நோன்புகளைத் தேடிச் செல்வது அல்ல. தேடிச் செல்லும் ஆசையிலும் தற்பெருமை ஒளிந்திருக்கக்கூடும்.

ஐயம்

நூலின் உணர்ச்சி மையம் மரியாள் கருவுற்றிருப்பதை வளன் அறியும் இடம். ஐயம் தோன்றுவதும் நீங்குவதும் தனித்தனிப் படலங்களாக விரிகின்றன. மத்தேயு நற்செய்தியில் ஓரிரு வசனங்களில் முடியும் செய்தி இது. வீரமாமுனிவர் இங்கே விரைந்து கடக்கவில்லை. மரியாளின் தூய்மையை வளன் அறிவான், கண்முன் காண்பதையும் மறுக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே சிக்கி அவன் துயருறுகிறான். வானவர் கனவில் உண்மையை உணர்த்திய பிறகு, தன் ஐயத்துக்காக நாணி வருந்துகிறான்.

தேம்பாவணியின் சிறந்த பகுதி இதுவே எனலாம். புனிதர் ஒருவரைப் புகழவந்த நூல் அவரது மனக்குழப்பத்தை மறைக்கவில்லை. குற்றமற்றவனாகத் தோன்றுவது கடவுள் முன் திறந்திருப்பதாகாது. குழப்பத்தையும் அச்சத்தையும் ஒளிக்காமல் நிற்பதே அது. வளனின் தாழ்மையை நாம் நம்புவதற்குக் காரணம், அவன் ஐயுறக்கூடிய மனிதனாக இருப்பதுதான்.

நூலின் பிற பகுதிகளில் பழைய ஏற்பாட்டுக் கதைகள் பல கிளைக்கதைகளாக வருகின்றன. மோசேயின் கதை முதலியவை விரியும்போது தலைவன் பின்னால் போய்விடுகிறான். காப்பியக் கட்டுமானத்தில் இது குறைதான். ஆனால், கேட்டுக்கொண்டிருப்பவனாகவே பெரும்பாலும் இருக்கும் தலைவன் என்பது வளனின் இயல்புக்குப் பொருந்தாததல்ல.

நூலும் ஆசிரியரும்

1822-ல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வாழ்க்கை வரலாறு, பட்டுத் தலைப்பாகையும் காதணியும் அணிந்து, பல்லக்கில் பரிவாரத்துடன் செல்லும் வீரமாமுனிவரைக் காட்டுகிறது. அவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, வாய்மொழி மரபுகளையும் சேர்த்து எழுதப்பட்ட நூல் என்பதால் இதன் விவரங்களைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயத்துடனேயே அணுகினர். அந்தச் சித்திரத்தை ஒதுக்கிவைத்தாலும் அவருடைய சொந்த நூல்கள் எஞ்சுகின்றன. தரங்கம்பாடி லுத்தரன் சபையினரை எதிர்த்து அவர் எழுதிய கண்டன நூல்களின் குரல் கடுமையானது. வளனின் பணிவைப் பாடியவர் அதே நம்பிக்கையின் இன்னொரு பிரிவினரிடம் அந்தப் பணிவைக் காட்டவில்லை.

இந்த முரணுக்கு அவருடைய பரமார்த்த குரு கதையே நல்ல விளக்கமாக அமைகிறது. ஆற்றைக் கடந்த சீடர்கள் ஆளெண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுபவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவர் ஆற்றோடு போய்விட்டார் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் வந்து ஒவ்வொருவரையும் அடித்து எண்ணவைத்த பிறகே கணக்கு சரியாகிறது. சிரிப்புக்காகச் சொல்லப்பட்ட கதை என்றாலும் ஆன்மிக வாழ்வின் பெரும் பிழையை இது தொடுகிறது. பிறர் பாவங்களை எண்ணுபவன் தன்னை எண்ண மறக்கிறான். தன்னை மறப்பது தாழ்மையாகாது. தன்னையும் கணக்கில் சேர்ப்பதே தாழ்மை. கண்டன நூல்களின் ஆசிரியருக்கும் இக்கதை பொருந்தும்.

தாழ்மையும் தாழ்த்தப்படுதலும்

வளன் தாவீது அரசரின் மரபில் வந்தவன். அவன் தச்சனாக வாழ்வது உயர்குடிப் பிறந்தவனின் பணிவு. காப்பியத்தில் அவனது குலப்பெருமைக்குக் கிடைக்கும் இடத்தை ஒப்பிட்டால், உளியும் மரத்தூளும் சேர்ந்த அன்றாட உழைப்புக்குக் கிடைக்கும் இடம் குறைவு. நூல் முடிசூட்டுப் படலத்துடன் நிறைவடைகிறது. தாழ்மைக்குப் பரிசாக முடியைத் தவிர வேறெதையும் காப்பிய வடிவத்தால் கற்பனை செய்ய முடியவில்லை.

பிறப்பாலேயே தாழ்த்தப்பட்டவனுக்குத் தாழ்மை என்ற சொல் என்ன பொருள் தரும் என்ற கேள்வி தேம்பாவணியில் எழவில்லை. அதே வட்டாரத்திலிருந்து இரண்டரை நூற்றாண்டு கழித்து அக்கேள்வி வந்தது. விருத்தாசலத்தில் வாழும் இமையம் எழுதிய கோவேறு கழுதைகள் (1994) நாவலின் ஆரோக்கியமும் சவுரியும் கிறிஸ்தவ வண்ணார்கள். தலித் குடியிருப்பின் துணிகளை வெளுத்து, வீடுவீடாகச் சோறு வாங்கி வாழ்பவர்கள். ஆரோக்கியம் கடவுள் முன்னும் பணிகிறாள், ஊர் முன்னும் பணிகிறாள். முன்னது அவளுக்கு ஆறுதல், பின்னது அவள்மீது சுமத்தப்பட்ட பாரம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது அநீதி. ‘பணிந்திரு’ என்ற போதனை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் அறம் மாறுகிறது.

மதிப்பீடு

தேம்பாவணி தமிழ்க் காப்பிய மரபின் வளமான சொல்லாட்சியும் கிறிஸ்தவப் பொருளும் இணைந்த அரிய முயற்சி. புகழ்ச்சியின் மிகுதியும் கிளைக்கதைகளின் நீளமும் அதன் குறைகள். வீரமும் ஆட்சியும் இல்லாத, கேட்பவனும் ஐயுறுபவனும் நாணுபவனுமான ஒருவனைக் காப்பியத் தலைவனாக்கியது அதன் சாதனை. வானுலகில் முடிசூடும் வளனைவிட, உறக்கமின்றித் தவிக்கும் வளனே இன்றைய வாசகனுக்கு நெருக்கமானவன். தாழ்மை பற்றி இந்நூல் சொல்வதில் காலத்தைக் கடந்து நிற்பது அந்தத் தவிப்பில் உள்ள நேர்மை.