வாங்குகிற கை

பாடி என்றால் பலருக்குத் தொழிற்சாலைகளும் மேம்பாலமும்தான் நினைவுக்கு வரும். சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இதே ஊர்தான் என்பது கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் குடியிருப்பது இங்கேதான். இங்கிருந்து கொளத்தூர், ரெட்டேரி வழியாக வடக்கே போனால் புழல். அங்கே இலங்கைத் தமிழர்கள் தங்கியிருக்கும் முகாம் ஒன்று இருக்கிறது. 2021-ல் தமிழ்நாட்டு அரசு இத்தகைய இடங்களுக்கு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை மாற்றி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று வைத்தது. நல்ல காரியம்தான். பஸ்ஸில் இடம் கேட்டு இறங்குகிறவர்கள் இன்னும் ‘கேம்ப்’ என்றுதான் கேட்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெருமழைக்குப் பிறகு, எங்கள் பக்கத்துச் சபை ஒன்று அங்கே போர்வையும் பாயும் அரிசியும் கொண்டு போயிற்று. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. எழுத்தாளர் ஒருவரும் கூட வந்தால் நன்றாயிருக்கும் என்று கூப்பிட்டார்கள், போனேன். திரும்பி வந்ததும் அவர்களுடைய கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு கதை கேட்டார்கள், எழுதினேன். ‘ஈரப் போர்வை’ என்று பெயர். வயதான அகதிப் பெண் ஒருத்தி போர்வையை வாங்கிக்கொள்கிறாள். அவள் உதடுகள் ஜெபத்தில் அசைகின்றன. கண்ணீர் போர்வையின் மேல் சொட்டுகிறது. இவ்வளவுதான் கதை. படித்தவர்கள் உருகிப் போனதாகச் சொன்னார்கள். நானும் கொஞ்சம் உருகித்தான் எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து, முகாமில் மாலைப் பாடம் நடத்தும் பிள்ளைகளுக்குச் சில புத்தகங்கள் கொடுக்கப் போயிருந்தேன். அந்த அம்மாளே எதிரில் வந்தாள். மலர் அவள் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

“தம்பி, உங்கட கதை வாசிச்சனான். நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள். ஆனா நான் எப்ப அழுதனான்?”

“அழவில்லையா அம்மா? உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்ததே, ஏதோ ஜெபம் போல…”

“ஜெபமோ! வந்த போர்வை எத்தினை எண்டு எண்ணிக்கொண்டெல்லோ நிண்டனான்!”

அதற்கு முந்தின தடவை சாமான் வந்தபோது சில குடும்பங்கள் விடுபட்டுப் போயினவாம். அதனால் இந்தத் தடவை வீட்டு எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, இறக்க இறக்க அவள் எண்ணியிருக்கிறாள். எண்ணிக்கையை ஜெபமாக்கி, இல்லாத கண்ணீரையும் சேர்த்து நான் அச்சில் ஏற்றிவிட்டேன்.

இந்த அவமானத்தோடுதான், மிஷன் தொண்டைப் பற்றியும் நிவாரணத்தைப் பற்றியும் எழுதப்பட்டிருப்பவற்றைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கொடுக்கிறவர்கள் நல்லவர்களா, மதம் மாற்ற வந்தவர்களா என்ற வழக்கமான விவாதத்தில் எனக்கு இப்போது அக்கறை இல்லை. வாங்குகிறவர்களுக்கு அந்தப் பக்கங்களில் என்ன வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்த்தேன். பெரும்பாலும் என் கதையில் இருந்த வேலைதான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. மிஷன் எழுத்து பிறக்கும்போதே கடிதமாகப் பிறந்தது. பணம் அனுப்புகிறவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களுக்கு நம்பிக்கை குறையாமல் எழுத வேண்டியிருந்தது. டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் கதை இதற்கு நல்ல உதாரணம். திருநெல்வேலிச் சீமையில் தாம் கண்டதை, தோல்விகளையும் மறைக்காமல், எழுதி அனுப்பினார். படித்தால் ஊக்கம் குன்றிவிடும் என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர் திருத்த மறுத்துவிட்டார். பிற்பாடு 1903-ல் அது உள்ளபடியே புத்தகமாயிற்று. ஹிந்து சமூகத்தைப் பற்றி அதில் அவர் சொல்லும் பல விஷயங்களில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும், பணம் கொடுக்கிறவர் மனம் குளிர எழுத மாட்டேன் என்ற அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் ‘ஈரப் போர்வை’ ஆசிரியர் தலை குனியத்தான் வேண்டும்.

1876–78 பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். திருநெல்வேலியில் கால்டுவெல் முதலியவர்களின் மிஷன்கள் கஞ்சியும் பணமும் கொடுத்தன. ஆயிரக்கணக்கானவர்கள் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தார்கள். மிஷன்காரர்கள் இதை ஆத்துமாக்களின் அறுவடை என்று எழுதினார்கள். எதிர்த்தரப்பார் ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று ஏளனம் செய்தார்கள். இரண்டு தரப்பும் எழுதிக் குவித்தவற்றில் நான் படித்த வரையில், சேர்ந்தவர்களில் ஒருவரையாவது உட்காரவைத்து, “ஏன் அப்பா சேர்ந்தாய்?” என்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அரிசிக்காக என்று மட்டும் பதில் வந்திருக்காது. ஆத்துமாவுக்காக என்று மட்டுமும் வந்திருக்காது. மரியாதை, பிள்ளைகளின் படிப்பு, மேல்சாதிக்காரர்மேல் இருந்த ஆத்திரம், அண்டை வீட்டுக்காரன் சேர்ந்துவிட்டான் என்ற எளிய காரணம் எல்லாம் வந்திருக்கும். ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தனையும் அந்தப் பதிலில் இருந்தது. கேட்பாரில்லாமல் போயிற்று.

அந்தக் கேள்வியைத் தமிழில் கிட்டத்தட்டக் கேட்டுவிட்ட கதை ஒன்று உண்டு. ஜெயமோகனின் ‘ஓலைச்சிலுவை’, 2011-ல் வந்த ‘அறம்’ தொகுதியில் இருக்கிறது. அதில் வரும் டாக்டர் சாமர்வெல் நிஜ மனிதர். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேயர் குழுவில் ஒருவர். பனிச்சரிவில் சுமைக்காரர்கள் ஏழு பேர் மாண்டபோது, எங்களில் ஒருவனாவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று அவர் மனம் நொந்ததாக அவரே பிறகு எழுதியிருக்கிறார். மலைப் பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்த்தவர், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், 1838-ல் லண்டன் மிஷன் தொடங்கிய வைத்தியசாலைக்கு வந்தார். ஒரே ஒரு சர்ஜன். வாசலில் தீராத கூட்டம். லண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறிவிட்டு, நெய்யூருக்கே திரும்பினார். பிற்காலத்தில் வேலூரிலும் வேலை பார்த்தார்.

இப்படி ஒருவர் கிடைத்தால் எந்தக் கதாசிரியனும் அவரையே சுற்றிச் சுற்றி வருவான். ஜெயமோகன் கதையை ஒரு பனையேறியின் மகன் வாயில் வைத்தார். அங்கேதான் பாதி வெற்றி. தகப்பன் செத்துப்போகிறான். வீட்டில் பட்டினி. தாய் பிள்ளைகளோடு வேதத்தில் சேருகிறாள். பசிக்காகத்தான் சேருகிறாள், அதை யாருக்கும் ஒளிக்கவில்லை. கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதி இதுதான். அவளை நினைத்துக்கொண்டு ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்று யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் அந்தச் சொல் சொன்னவன் மேலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

குறை ஒன்றும் சொல்லத்தான் வேண்டும். கதை போகப்போக டாக்டர் உயர்ந்துகொண்டே போகிறார். கடைசியில் அவர் மகானாகிவிடுகிறார். நாமும் கண் கலங்குகிறோம். ஆனால் அந்தத் தாய் எங்கே? டாக்டரைப் பற்றி அவள் பிற்பாடு என்ன நினைத்தாள்? கஞ்சி குடித்து வளர்ந்த மற்றப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? மகானைக் கண்டதும் கதை அவர் பின்னாலேயே போய்விடுகிறது. பெரிய கதைதான், சந்தேகமில்லை. எனக்கு அந்த வீட்டுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க ஆசையாக இருந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே விஷயத்தை எழுதியவர் அப்படி உட்கார்ந்திருக்கிறார். 2025-ல் காலமான கூகி வா தியாங்கோவைச் சொல்லுகிறேன். கென்யாக்காரர். மிஷன்காரர்கள் தொடங்கிய பள்ளியில் படித்தவர். ஜேம்ஸ் என்ற ஞானஸ்நானப் பெயரைப் பிற்பாடு உதறியவர். 1965-ல் வந்த அவருடைய நாவல் ‘இடையில் ஓடும் நதி’ என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. இரண்டு மேடுகள், நடுவில் ஹோனியா நதி. ஒரு மேட்டில் ஜோஷுவா என்ற உள்ளூர்ப் பிரசங்கியார், மிஷன்காரரைவிடக் கண்டிப்பான கிறிஸ்தவர். அவர் மகள் முத்தோனி. குலவழக்கப்படி பெண்களுக்குச் செய்யும் விருத்தசேதனத்தை மிஷன் தடுக்கிறது. முத்தோனி வீட்டைவிட்டுப் போய் அந்தச் சடங்குக்கு உட்படுகிறாள். புண் ஆறாமல், ஸிரியானா மிஷன் வைத்தியசாலையில் உயிர் விடுகிறாள். சாகும் தறுவாயில் அவள் சொல்லி அனுப்பும் செய்தி விசித்திரமானது. இயேசு தன் கண்ணுக்குத் தெரிகிறார் என்கிறாள். தன் குலத்துப் பெண்ணாகவும் ஆகிவிட்டேன் என்கிறாள். 

சடங்கு கொடுமையானது, அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் முத்தோனி கிறிஸ்துவையும் விடவில்லை, குலத்தையும் விடவில்லை. இரண்டையும் தன் உடம்பிலேயே சேர்த்துப் பார்க்க முயன்று செத்துப்போனாள். மிஷனுக்கு இது புரியவில்லை. லிவிங்ஸ்டன் பாதிரி அவள் சாவைக் காட்டுமிராண்டித்தனத்தின் ருசுவாக எடுத்துக்கொள்கிறார். வழக்கத்தை விட்டுவிடாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றாகிறது. கென்யாவில் 1929-ஐ ஒட்டி நிஜமாகவே நடந்த சச்சரவு இது. ஜனங்கள் பதிலுக்குத் தங்கள் சொந்தப் பள்ளிக்கூடங்களைக் கட்டிக்கொண்டார்கள். நாவலின் பிற்பகுதியில் வையாக்கி என்ற இளைஞன் செய்வதும் அதுதான். கூகி பாதிரியாரை வில்லனாக்கவில்லை. அவருக்கு அதிகப் பக்கங்களே ஒதுக்கவில்லை. பக்கங்கள் எல்லாம் வாங்குகிறவர்களுக்கே: ஒருவர் வாங்குகிறார், ஒருவர் மறுக்கிறார், ஒருத்தி பாதி வாங்கிப் பாதி மறுக்கிறாள். முதல் நாவல்களுக்கே உரிய மேடைப் பேச்சும் விறைப்பும் இதில் நிறைய இருக்கின்றன. இருந்தாலும் முத்தோனி ஒருத்திக்காகவே படிக்கலாம்.

மறுக்கிறவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. அதியமான் தன்னைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியதால் பெருஞ்சித்திரனார் அதை வேண்டாம் என்றார், புறநானூற்றில் இருக்கிறது. வறுமை அவருக்கும் குறைவில்லை. ஆளைப் பார்க்காமல் வந்த பொருள் அவருக்கு உறுத்தியது. 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா பேசியதும் ஏறக்குறைய இதே உறுத்தல்தான். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் கொடுங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே கேட்டார். கூட்டத்தில் பலருக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அவரே தோர்ணக்கல்லில் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுவே முதல் தடவை.

முகாமைப் பற்றி முகாமில் இருந்தவர் எழுதியது என்று பார்த்தால், தொ. பத்தினாதனின் ‘போரின் மறுபக்கம்’ உண்டு, 2007-ல் வந்தது. கலையழகு தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வாக்கியங்கள் சில இடத்தில் இடறுகின்றன, சொன்னதே திரும்ப வருகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. நாளெல்லாம் வரிசையில் நிற்கிறவனின் வாழ்க்கையில் சொன்னதே திரும்பத்தானே வரும்? 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களில் 58,000 பேருக்கு மேல் 2021-லும் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தார்கள். அத்தனை பேருக்கு இன்னும் பத்துப் புத்தகமாவது இருக்க வேண்டும். அவர்களைப் பற்றி என்னைப் போன்றவர்கள் எழுதிய கண்ணீர்க் கதைகளுக்குக் கணக்கே இல்லை.

பரிகாரமாக ஒன்று செய்து பார்த்தேன். அதே சபையார் போன வருஷம் மலருக்கு மறுபடியும் கதை கேட்டார்கள். இந்தத் தடவை அந்த அம்மாள் போர்வைகளை எண்ணுவதையே எழுதினேன். கடைசியில் மூன்று போர்வை குறைகிறது. யாருக்கு இல்லையென்று சொல்லுவது என்று அவளே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கதை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. நன்கொடையாளர் மனம் சங்கடப்படுமாம். வேறு ஏதாவது மனத்தைத் தொடும்படி எழுதித் தரலாமாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு புழலுக்குப் போனேன். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்துக் காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள்.

“மூண்டில்லைத் தம்பி,” என்றாள். “நாலு.”